பத்துப் பெயர்கள் வேண்டும்

ஊரை விட்டு ஊர் வந்து வாழ்பவர் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது குடியிருக்க ஓர் அறை. இவ்விரண்டும் கிடைத்து, குழந்தைக்கும் ஆறு வயது நிரம்பிய பிறகுதான், பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி பிறக்கிறது. மும்பையில் வாழும் தமிழர் பலருக்கு இக்கேள்வியின் விடை தெருமுனையிலேயே இருக்கிறது. ஆயினும் அது பலர் கண்ணில் படுவதில்லை. சங்கத்தின் இத்திங்களிதழில் விழாச் செய்திகள் வருகின்றன. மணமக்களுக்கு வாழ்த்துகள் வருகின்றன. ஊரிலிருந்து வந்து சென்ற பெரியோரின் சொற்பொழிவுகளும் வருகின்றன. நம் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் என்ன நடந்தது, இனி என்ன நடக்கப் போகிறது என்பதை எழுதுவார் இலர். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பாக இரண்டு ஆண்டுகளாக இருந்து வருகிறோம் என்னும் உரிமையால் நாம் அதனை எழுத முற்படுகிறோம்.

மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளில் மராத்தி, இந்தி, குசராத்தி, உருது, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் கல்வி அளித்து வருகிறது. எட்டு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே நகராட்சி கரும்பலகை வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. நம் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பள்ளியும் அவற்றுள் ஒன்று. கீழ்த்தளத்தில் மராத்திப் பிரிவு. முதல் மாடியில் உருதுப் பிரிவு. இரண்டாம் மாடியில் தமிழ்ப் பிரிவு. மாடிப்படியில் ஏறும்போது கீழே மராத்தி வாய்ப்பாடு கேட்கும். நடுவில் உருதுப் பாடம் கேட்கும். மேலே போனால் 'ஈரிரண்டு நான்கு' என்ற நம் பிள்ளைகளின் குரல் கேட்கும். மூன்று மொழியிலும் விடை ஒன்றுதான். இடைவேளை மணி அடித்துவிட்டால் மூன்று மாடிப் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் ஓடுவர். அங்கே அவர்கள் பேசும் மொழிக்கு இன்னும் இலக்கணம் எழுதப்படவில்லை.

இங்குப் படிப்போர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழர் வந்து குடியேறினர். 1971 இல் பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்ட பின்னர் அத்தொழில் தாராவியில் தேய்ந்தது. மக்கள் அங்கேயே தங்கிவிட்டனர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் வீடு பிடித்தனர். 1976 இல் சனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல சீத்தா கேம்ப்புக்குப் பெயர்ந்தன. அப்படி முன்னே வந்தோரின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று ஆங்கிலப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். நம் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் இன்று இருப்போர் பெரும்பாலும் அண்மையில் வந்த குடும்பத்துப் பிள்ளைகள். தந்தை இட்லி விற்பவராகவோ, சுவருக்கு வண்ணம் பூசுபவராகவோ, தோல்பை தைப்பவராகவோ இருப்பார். தாய் கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ செல்வார். இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நம்மைப் போன்றோர் அங்கே ஓரிருவரே.

இனி, நடந்தவற்றைக் கூறுவோம்.

ஜனவரி 3 ஆம் நாள் சாவித்திரிபாய் புலேயின் பிறந்தநாள். 1848 இல் புனே நகரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய அம்மையாரை மகாராஷ்டிரத்துப் பள்ளிகள் அந்நாளில் போற்றுகின்றன. இவ்வாண்டு கீழ்த்தள முற்றத்தில் நடந்த கூட்டத்தில் நம் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்மையாரைப் பற்றி மராத்தியில் ஐந்து நிமிடம் பேசினாள். அவளுடைய தாய் படிக்கட்டின் ஓரத்தில் நின்று கேட்டார். மகள் பேசிய மராத்தியில் பாதியும் தமக்குப் புரியவில்லை என்றார். ஆயினும் கை தட்டலின் நடுவே அவர் முகம் இருந்த நிலையை நாம் கண்டோம்.

பொங்கலும் சங்கராந்தியும் அடுத்தடுத்து வருவது இந்நகரில் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. தாய்மார் வீட்டில் சமைத்துக் கொணர்ந்த சர்க்கரைப் பொங்கலைத் தமிழ்ப் பிள்ளைகள் சிறு கிண்ணங்களில் ஏந்திக் கீழ்மாடிகளுக்குக் கொண்டு சென்றனர். மராத்திப் பிள்ளைகள் எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்னும் தம் வழக்கமான வாழ்த்தைச் சொன்னார்கள். கிண்ணங்கள் திரும்பி வந்தபோது எண்ணிப் பார்த்ததில் நான்கு குறைந்தன. மறுநாள் நான்கும் கழுவித் துடைத்து ஆசிரியை மேசையில் வைக்கப்பட்டிருந்தன.

நூலகம் என்று சொல்லத்தக்க அறை தமிழ்ப் பிரிவுக்கு இல்லை. ஆதலால் பெற்றோர் சிலர் சேர்ந்து ஓர் இரும்புப் பெட்டி வாங்கினோம். ஊருக்குப் போய் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகக் கொணர்ந்த கதைப் புத்தகங்கள் அதில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் பெட்டி திறக்கப்படும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். படங்கள் நிறைந்த புத்தகங்களின் அட்டை கிழிந்துவிட்டது. கிழியாத புத்தகங்களைக் காணும்போதுதான் நமக்குக் கவலை உண்டாகிறது. அவற்றை இன்னும் எவரும் எடுக்கவில்லை என்பது அதன் பொருள்.

வகுப்பறைச் செய்தியும் ஒன்று உண்டு. நம் மகள் மராத்திப் பாடத்தில் நாகரி எழுத்துகளைக் கற்கத் தொடங்கியபோது, "அவங்களுக்கு எதற்கு நாலு 'க'? நமக்கு ஒன்று போதுமே" என்று ஆசிரியையைக் கேட்டாளாம். ஆசிரியை அவளைக் கடிந்து கொள்ளவில்லை. 'கடல்' என்றும் 'தங்கம்' என்றும் 'அகல்' என்றும் சொல்லச் செய்து, ஒரே எழுத்து மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிப்பதை அவள் காதாலேயே கேட்கச் செய்திருக்கிறார். "அவர்கள் நாலு சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள். நாம் ஒரே சட்டையை இடத்துக்கு ஏற்றபடி உடுத்துகிறோம்" என்றாராம். இப்போது மின்சார வண்டியில் செல்லும்போது நிலையப் பெயர்ப் பலகைகளை அவள் மராத்தியில் படித்துவிட்டு, உடனே தமிழில் எப்படி எழுதுவது என்று காற்றில் எழுதிப் பார்க்கிறாள். ஒரு மொழியின் எழுத்தை ஐயமறக் கற்ற பிள்ளைக்கு அடுத்த மொழியின் எழுத்து அச்சம் தருவதில்லை என்பதை நாம் வீட்டிலேயே காண்கிறோம்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். தந்தை இட்லி வணிகர். விடியற்காலையில் வீடு முழுவதும் எழுந்துவிடும், அவனும் எழுந்துவிடுவான். மனக்கணக்கில் அவனை வெல்ல வகுப்பில் ஆள் இல்லை. ஆனால் மதிய உணவு உண்டதும் கண் சொருகிவிடும். ஆசிரியை அவனைப் புத்தகப்பைமேல் தலை வைத்துக் கால்மணி நேரம் உறங்க விட்டு, பிறகு எழுப்பி, அவன் தவறவிட்ட பாடத்தை மட்டும் தனியே சொல்லிக் கொடுக்கிறார். பெரிய வகுப்பில் இது இயலாது. பிள்ளைகள் குறைவாக இருப்பதில் உள்ள நன்மை இது. அக்குறைவே இன்று தீமையாகவும் வந்து நிற்கிறது. இக்கட்டுரை எழுத நேர்ந்தது அதனாலேதான்.

நாம் கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆதலால் கணக்காகவே சொல்லிவிடுகிறோம். இன்று ஐந்தாம் வகுப்பில் 19 பிள்ளைகள், நான்கில் 16, மூன்றில் 14, இரண்டில் 12, முதல் வகுப்பில் 9. ஆக 70. முதல் வகுப்பில் ஜூன் மாதத்தில் 11 பேர் சேர்ந்தார்கள். தீபாவளிக்குப் பின் இரண்டு குடும்பங்கள் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டன. 19, 16, 14, 12, 9 என்று மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். இறங்கும் படிக்கட்டுப் போல் இருக்கிறது.

2009 ஆம் ஆண்டில் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிக்கு ஆசிரியர் எத்தனை பேர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்திருக்கிறது. 60 பேர் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். இன்று நம் பிரிவில் மூவர் இருக்கின்றனர். ஒருவர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார். ஒருவர் இரண்டையும் மூன்றையும் பார்க்கிறார். ஒருவர் முதல் வகுப்புக்கு மட்டும் உரியவர்.

வரும் ஜூனில் ஐந்தாம் வகுப்பின் 19 பேரும் வெளியேறுவர். மீதி 51. முதல் வகுப்பில் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தால் 61. ஒன்பது பேர் சேர்ந்தால் 60. இந்த ஒரு பிள்ளையின் வேறுபாட்டில் ஓர் ஆசிரியை நிற்கிறார். மூவர் இருவரானால் எந்த வகுப்பு தனி ஆசிரியையை இழக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று வகுப்புகளும் ஓர் அறையில் அமரும். 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டிய வேளையில், ஆசிரியை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கை விளக்கிக் கொண்டிருப்பார். அதைக் காணும் பெற்றோர் அடுத்த ஆண்டு வேறு பள்ளி தேடுவர். அதன்பின் எண்ணிக்கை மேலும் குறையும். எவரும் பள்ளியை மூட உத்தரவிட வேண்டியதில்லை. பள்ளி தானே மெல்ல மூடிக்கொள்ளும்.

சட்டத்தின் துணை நமக்கு இல்லாமல் இல்லை. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ ஒரு தாய்மொழியினராக இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்று தீர்மானித்தது. 1956 இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழி வழிக் கல்வி வேண்டும் என்கிறது. 1949 இல் சொன்ன அதே பத்துத்தான் இன்று நம் முன்னும் நிற்கிறது. சட்டம் பலகை போட்டுத் தரும். அதில் வந்து அமர வேண்டிய பிள்ளையை அது கொண்டு வராது.

ஆங்கிலப் பள்ளியைத் தேடும் பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. அவர்கள் அச்சத்தில் உண்மை இருக்கிறது. தொடக்கக் கல்வி முடிந்தபின் தமிழ் வழியில் மேலே படிக்க இந்நகரில் வாய்ப்பு மிகச் சிலவே. பிள்ளை எப்படியும் ஒருநாள் வேறு மொழி வகுப்பில் அமரத்தான் வேண்டும். அதை முதல் நாளிலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்கின்றனர். நம் அலுவலக நண்பர்களும் நம்மைக் கேட்டதுண்டு. மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குக் கேந்திரீய வித்யாலயம் இருக்க, மகளை ஏன் நகராட்சிப் பள்ளியின் இரண்டாம் மாடிக்கு ஏற்றுகிறீர் என்றனர்.

நம் விடை எளியது. மகாராஷ்டிரத்தில் 2000 ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். மராத்தியும் 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயப் பாடம். ஆகவே தமிழ்ப் பிரிவில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தை இழப்பதில்லை. இந்நாட்டு மொழியையும் இழப்பதில்லை. ஆனால் வேறு பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தானாக வருவதில்லை. நம் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் படிப்பில் கெட்டிக்காரன். அவனுடைய அக்காளின் திருமண அழைப்பிதழ் ஊரிலிருந்து அச்சாகி வந்தது. எல்லாரும் கூடி மகிழ்ந்து படித்துக் கொண்டிருந்தபோது அவன் மெதுவாக நம் அருகில் வந்து, "மாமா, என் பெயர் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டான். விரலை வைத்துக் காட்டினோம். அவன் அவ்விடத்தைத் தன் பேனாவால் சிறிது கோடிட்டுக் கொண்டான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஐந்து ஆண்டுகள் தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்தால் அந்தக் கோடு தேவைப்பட்டிராது.

ஆயினும் இப்படிப்பட்ட வாதங்களால் ஒரு குழந்தையும் பள்ளியில் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நம் குழுவில் தாய்மார் பலர் இருக்கின்றனர். வீடு வீடாகச் செல்ல அவர்களே தக்கவர். சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் துணைவியாரும் வேறிரு தாய்மாரும் சென்றனர். நாம் குறிப்பேடு ஏந்திப் பின்னே சென்றோம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஓர் இளம் தாய், வாயிலில் நின்றபடியே சொன்னார்:

"நாங்கதான் எழுத்து தெரியாம சித்தாள் வேலைக்கு வந்துட்டோம் அக்கா. எம் புள்ளயாச்சும் இங்கிலீஷ் படிக்கட்டும்."

"இங்கேயும் ஒண்ணாவதுலேருந்தே இங்கிலீஷ் பாடம் இருக்கும்மா" என்றார் நம் துணைவியார்.

"உங்க மவ எங்க படிக்குது?"

"இதே பள்ளிக்கூடம்தான். மூணாவது."

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப தெனமும் நீங்க கொண்டுபோய் விடுவீங்கல்ல? எம் புள்ளயயும் கூட்டிட்டுப் போவீங்களா அக்கா? நான் காலையில ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடணும். சாயந்தரம் வர ஆறரை ஆயிடும்" என்றார்.

அங்கேதான் நமக்கு வழி திறந்தது. அந்தத் தாய்க்குத் தமிழ் மேல் வெறுப்பும் இல்லை. ஆங்கிலத்தின் மேல் தனி மயக்கமும் இல்லை. காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துச் செல்ல ஒருவரும், பள்ளி விட்டபின் தாம் திரும்பும் வரை பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்பதே அவருடைய தடை. அதன்பின் சென்ற வீடுகளில் மொழியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். "காலையில் யார் கூட்டிப் போவார்? மாலையில் பிள்ளை எங்கே இருக்கும்?" என்று மட்டும் கேட்டோம். பெயர்கள் வரத் தொடங்கின. இவ்விதழ் அச்சுக்குப் போகும் நாளில் ஆறு வீட்டார் இசைந்திருக்கின்றனர். இன்னும் நான்கு பெயர்கள் வேண்டும்.

இவ்விடத்தில் நம் சொந்தச் செய்தியையும் மறைக்க விரும்பவில்லை. நமக்குப் பதவி உயர்வு வரும் காலம் இது. வந்தால் இகத்புரிக்கு மாற்றம் இருக்கும் என்று அலுவலகத்தில் சொல்கின்றனர். கசாரா மலைப்பாதைக்கு அப்பால் உள்ள ஊர். குடும்பத்தோடு போனால் நம் மகளின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். 51 என்பது 50 ஆகும். அப்பொழுது பத்துப் பெயர் போதா, பதினொன்று வேண்டும். பிறர் வீட்டு வாயிலில் நின்று அவர்தம் பிள்ளையைக் கேட்டுவிட்டு, நம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியேறுவது எங்ஙனம்? மூன்று இரவுகள் நாமும் துணைவியாரும் பேசினோம். உயர்வை மறுத்தால் சம்பளமும் முறைவரிசையும் பாதிக்கப்படும். ஊரில் உள்ள கடன் அதற்கு இடம் தராது. ஆதலால் உத்தரவு வந்தால் நாம் மட்டும் சென்று, ஓய்வு நாளில் வீடு வருவது என்றும், மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை இங்கேயே படிப்பது என்றும் முடிவு செய்தோம். "இரண்டு வருஷம்தானே? அடுப்பு இரண்டானால் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்" என்றார் துணைவியார். அவர் சொன்ன அளவுக்கு அது எளிதன்று என்பதை இருவரும் அறிவோம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

இனி, வரும் மாதங்களின் நிகழ்ச்சிகளை வரிசையாகத் தருகிறோம்.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். யுனெஸ்கோ 1999 இல் அறிவித்து, 2000 முதல் கொண்டாடப்படும் நாள். அன்று ஒவ்வொரு பிள்ளையும் புத்தகப் பெட்டியிலிருந்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கும். வீட்டில் பாட்டி, தாத்தா இருப்போர் அவர்களை அழைத்து வரலாம். கதை சொல்ல அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படியேற இயலாதவர்களுக்காகக் கதை வகுப்பு கீழ் முற்றத்தில் நடக்கும்.

பிப்ரவரி 27 மராத்தி மொழி நாள். 1912 இல் அந்நாளில் பிறந்த கவிஞர் குசுமாக்ரஜின் நினைவாகக் கொண்டாடப்படுவது. நம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மராத்தியில் ஒரு சிறு நாடகம் நடிப்பர். இந்நிலத்தில் உண்டு வாழும் நாம் இந்நிலத்து மொழியின் விழாவில் முன்வரிசையில் அமர்வது முறை. பெற்றோர் அனைவரும் வர வேண்டுகிறோம். மறுநாள் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட நாள். முகம் பார்க்கும் கண்ணாடியும் தண்ணீர்த் தட்டும் கொண்டு வெயிலைப் பிரித்து வானவில் காட்டப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருக்கின்றனர்.

மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் செல்லும் பணி தொடரும். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. மே 1 மகாராஷ்டிர நாளன்று பள்ளியில் கொடியேற்றம். 1960 இல் இம்மாநிலம் பிறந்த நாள் அது. பின்னர் கோடை விடுமுறை.

கோடை விடுமுறையைப் பற்றி இரயில்வேக்காரர் என்ற முறையில் ஒரு சொல். நம் மக்கள் ஊருக்குப் போகும் சீட்டை முந்தி வாங்குகின்றனர். திரும்பும் சீட்டை மறந்துவிடுகின்றனர். பள்ளி ஜூன் நடுவில் திறக்கும்போது பாதிப் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பர். எண்ணிக்கை குறைந்து தோன்றும் காலம் அதுவே. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜூன் 12 இல் ஊரிலிருந்து புறப்படும் வண்டிக்கு ஏப்ரல் 13 காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். அத்தேதியை நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு வந்தால் நிரப்பித் தருவோம்.

ஜூன் நடுவில் பள்ளி திறக்கும் நாளில் புதிய பிள்ளைகளுக்குப் பூக்கொடுத்து வரவேற்பு. புத்தகமும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கும். மதிய உணவும் உண்டு. அதைத் தாய்மார் முறை வைத்துப் பார்வையிட்டு வருகின்றனர். பிறப்புச் சான்று கையில் இல்லை என்று எவரும் தயங்க வேண்டா. வயதுச் சான்று இல்லாமையால் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது என்பது சட்டம். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்று வரத் தாமதமாவதும் சேர்க்கையைத் தடுக்காது. ஆண்டின் நடுவில் வந்து சேரும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இடம் உண்டு.

ஜூன் முதல் புதிய ஏற்பாடு ஒன்றும் தொடங்குகிறது. காலையில் தாய்மார் இருவர் முறை வைத்துக் குறித்த தெருக்களின் வழியே நடந்து, பிள்ளைகளை ஒன்றாக அழைத்துச் செல்வர். மாலையில் பள்ளி விட்டபின் சங்கத்தின் முன்னறையில் ஏழு மணி வரை பிள்ளைகள் இருக்கலாம். படிக்கலாம், விளையாடலாம், உறங்கவும் செய்யலாம். அறையைத் தரச் சங்கத்தார் இசைந்துவிட்டனர். ஒரு வேளைக்கு இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும். திங்கள், செவ்வாய், வெள்ளி மாலைகளுக்கு ஆள் கிடைத்துவிட்டனர். புதன் மாலைக்கும் வியாழன் மாலைக்கும் இன்னும் ஆள் இல்லை.

ஆறு வயதுப் பிள்ளை இல்லாத வீட்டார், இச்செய்தி தமக்கு உரியதன்று என்று பக்கத்தைப் புரட்ட வேண்டா. பணி ஓய்வு பெற்றோர் பலர் நம் சங்கத்தில் இருக்கின்றனர். பிள்ளைகளை மணம் முடித்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய்மாரும் இருக்கின்றனர். தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் பேசக் கேட்டுக் கை தட்டிய கைகள் அவை. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், அக்கைகளில் ஒன்றை ஒரு சிறு குழந்தை பற்றிக்கொள்ளத் தந்தால் போதும். விழுப்புரத்துத் தாய் வேலை முடித்து வரும்வரை அக்குழந்தை அங்கே இருக்கும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க அறைக்கு வரலாம். இரண்டு குறிப்பேடுகள் வைத்திருக்கிறோம். ஒன்று, ஜூனில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு. மற்றொன்று, புதன், வியாழன் மாலைகளுக்கு. முதலாவதில் நான்கு வரிகளும் இரண்டாவதில் நான்கு வரிகளும் வெறுமையாக இருக்கின்றன.